துண்டுக்கடியில் நாற்பதாயிரம் கை

கண்ணாடி அறைக்குள் துண்டு போடக் கூடாது என்று முதல் நாளே சொன்னார்கள். ராக்கியண்ணன் போட்டார். கேமராவுக்குக் கை தெரியாதாம். தெரியக் கூடாது என்றுதானே துண்டு! எல்லோரும் பார்க்கப் பேரம் பேசுவதென்றால் மைக் வைத்துப் பேசிவிட்டுப் போகலாமே. "துண்டு இல்லீன்னா நானும் இல்லீங்க. பஸ்ஸுக்குக் காசு குடுங்க, ஊருக்குப் போறேன்" என்றார். மானேஜர் நிர்மல் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றான்.

அது எட்டு மாதத்துக்கு முன்னால்.

கோயமுத்தூர் அவிநாசி ரோட்டில் பதினோராவது மாடி. கம்பெனிக்கு 'நிதானம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஷேர் வாங்கி விற்கிற கம்பெனி. பெயரில் இருந்ததோடு சரி, உள்ளே ஒருத்தனுக்கும் அது கிடையாது. காலை ஒன்பதே காலுக்கு மார்க்கெட் திறந்துவிட்டால் சுவர் முழுக்கப் பச்சையும் சிவப்புமாக எண்கள் ஓடும். முப்பது பேர் அதைப் பார்த்து நகம் கடித்துக்கொண்டிருப்பார்கள். எல்லாம் படித்த பிள்ளைகள். எதை வாங்குவது, எதை விற்பது, எதைத் தொடாமல் வைத்திருப்பது என்று தெரியாமல் ஒரு மாட்டுத் தரகனைக் கூட்டிவந்து ஏசி ரூமில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றால் அந்தப் படிப்பைப் பற்றி என்ன சொல்ல?

ராக்கியண்ணனுக்கு வயது எழுபத்தொன்று. எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், அதோடு சரி. நாற்பத்தைந்து வருஷம் பெருந்துறைப் பக்கத்துச் சந்தைகளில் தரகு. அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். விற்கிறவன் கையும் தரகன் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு கணக்கு. இரண்டு பிடித்தால் இரண்டு. விரலின் நடுக்கணுவை அமுக்கினால் பாதி. வெளியே வாய் தன்பாட்டுக்கு "இந்த எலும்புக்கூட்டை எவன் ஓட்டிட்டுப் போவான்" என்று கத்திக்கொண்டிருக்கும்.

எண்ணை விரலில் படிப்பதை எவனும் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வான். அந்த எண் வருவதற்கு முன்னால் எதிராளியின் விரல் என்ன செய்கிறது என்பதுதான் தொழில். கட்டைவிரல் அடி வேர்த்திருந்தால் வீட்டில் ஏதோ செலவு காத்திருக்கிறது, விட்டுவிடுவான். சுண்டுவிரல் விறைத்திருந்தால் இதற்குக் கீழே விற்றால் வீட்டுக்கு வராதே என்று பெண்டாட்டி சொல்லி அனுப்பியிருக்கிறாள், விட மாட்டான். ராக்கியண்ணன் பிடித்துவிட்டு, "இவன் இன்ன விலையில் விடுவான்" என்றால் விடுவான்.

தர்மராஜா என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. மாட்டின் மேலிருக்கிற கெட்ட சுழியை மஞ்சள் தடவி மறைத்திருக்கிறார். பல் விழுந்த கிழட்டு மாட்டை நாலு பல் போட்ட இளமாடு என்று சத்தியம் பண்ணியிருக்கிறார். ஆனால் துண்டுக்கடியில் கையால் பொய் சொன்னதில்லை. அதைச் சொன்னால் அப்புறம் தொழில் ஏது?

அந்தக் கையைத்தான் கம்பெனிக்காரர்கள் தேடி வந்தார்கள். கூட்டிவந்தது சுபிதா என்கிற பெண். இன்ஜினியர், கரூர்க்காரி. கண்ணாடி அறையில் மேஜைமேல் ஒரு ரப்பர் கை இருந்தது. தொட்டால் சூடாக இருந்தது. மடக்கியது, நீட்டியது, வேர்க்கக்கூடச் செய்தது.

"இது எதுக்கும்மா?" என்று கேட்டார் அன்றைக்கு.

"ஐயா, இப்ப எல்லாக் கம்பெனியிலயும் மிஷின்தான் ஷேர் வாங்குது, விக்குது. எல்லா மிஷினும் ஒரே மாதிரி யோசிக்குது. நாங்க வாங்கப் போறப்ப அவங்களும் வாங்க வந்துடறாங்க. யாருக்கும் லாபம் இல்ல. மிஷினுக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணுதான். மனுஷன் எப்ப விடுவான்னு அதுக்குத் தெரியல."

"பயந்தா விட்டுடுவான்."

"அதான் இல்லீங்கய்யா. பயந்தவன் உடனே விக்க மாட்டான். பயந்துட்டே வெச்சிருப்பான். விலை இன்னும் எறங்கும், அப்பவும் வெச்சிருப்பான். திடீர்னு ஏதோ ஒரு எடத்துல கை விட்டுப்போகும். அந்த எடம் எங்களுக்குத் தெரியணும். மார்க்கெட்டோட மனசை இந்தக் கையில கொண்டுவந்திருக்கோம். புடிச்சுப் பார்த்துட்டு எங்க விடும்னு சொல்லுங்க."

முதலில் கொண்டுவந்த கையை இரண்டு நாள் பிடித்துவிட்டு அவர் உதறினார். "இது பொணத்தோட கை. இதுல ஆளே இல்ல. உசிரோட ஒரு கை கொண்டா, சொல்றேன்" என்றார். ஒரு வாரம் கழித்து வேறு மாதிரி வந்தது. பிடித்தார். இதில் ஆள் இருந்தது. ஒவ்வொரு ஷேருக்கும் ஒவ்வொரு கை. சிலது திமிர் பிடித்தது, சிலது பயந்தாங்கொள்ளி. இந்தக் காலத்து மிஷின் எதையும் செய்யும் என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததுதான் அவர் பண்ணின தப்பு. ஊரில் எவனையும் நம்பாத மனுஷன், துண்டுக்கடியில் வந்த கையை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பினார். துண்டுக்கடியில் கை விடுகிறவன் பேரத்துக்குச் சம்மதித்துத்தானே விடுகிறான்?

எட்டு மாதத்தில் அவர் சொன்ன விலை நாலைந்து தடவைதான் தப்பியது. நிர்மல் அவரைப் 'பெரியவரே' என்று கூப்பிட ஆரம்பித்தான்.

ஐப்பசி பிறந்ததிலிருந்து மார்க்கெட் பேய் பிடித்த மாதிரி ஆடியது. காலையில் ஏறும், சாப்பாட்டு வேளைக்குள் குப்புற விழும். அந்த வாரம் அவர் பிடித்துக்கொண்டிருந்தது ஊற்று பம்ப் என்கிற ஷேர். மோட்டார் பம்ப் செய்கிற உள்ளூர்க் கம்பெனி. நானூற்றுப் பத்தில் இருந்தது முன்னூற்று அறுபதுக்கு வந்திருந்தது.

ஆபீசில் அந்த ஷேர் வைத்திருந்தது ஒரே ஒரு ஆள், டீ போடுகிற மரகதம். புருஷன் மாரப்பன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுத்திருந்தான். காண்டிராக்டர் கொடுத்த நஷ்டஈட்டை ஆபீஸ் பிள்ளைகள் பேச்சைக் கேட்டு அப்படியே ஊற்று பம்ப்பில் போட்டிருந்தாள். ஆபரேஷனுக்கு ஐப்பசிக் கடைசியில் தேதி கொடுத்திருந்தார்கள். பண்ணினால் எழுந்து நடப்பான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஏனுங்கய்யா, இதை வித்துப்போடட்டுங்களா, வெச்சிருக்கட்டுங்களா?" டீயை வைத்துவிட்டுத் தினமும் கேட்பாள்.

"என்னைக் கேக்காத அம்மிணி. மாட்டைப் பத்திக் கேட்டாலே நான் பொய் சொல்றவன்."

"உங்களுக்குத் தெரியுமுங்க. சொல்ல மாட்டீங்கறீங்க."

"தெரிஞ்சா நான் எதுக்கு இங்க வந்து ரப்பரைப் புடிச்சிட்டு உக்காந்திருக்கேன்? போ, டீயில சக்கரை பத்தல."

வியாழக்கிழமை பதினோரு மணி இருக்கும். துண்டுக்கடியில் ரப்பர் கை ஈரமாக இருந்தது. பாவப்பட்ட கை. அந்த வாரம் முழுக்க அதே கைதான். பயம் கட்டைவிரல் அடியில் இருந்தது, ஆனால் சுண்டுவிரல் விறைத்துக்கொண்டு நின்றது. முன்னூற்று முப்பதில் விட்டுவிடும் என்று கணக்குப் போட்டு அன்று காலையிலேயே சொல்லியனுப்பியிருந்தார்.

வெளியே வராந்தாவில் எவனோ அவசரமாக ஓடி வந்து மரகதத்தின்மேல் மோதினான். டம்ளர் தட்டு மொத்தமும் தரையில் விழுந்து கலகலவென்று உருண்டது.

துண்டுக்கடியில் ரப்பர் கை துள்ளியது.

ராக்கியண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மரகதம் குனிந்து டம்ளர் பொறுக்கினாள். ரப்பர் விரல்கள் மடங்கின. ஒரு டம்ளரை எடுத்தாள், மடங்கின. வைத்தாள், விரிந்தன. அவளுடைய இடது மணிக்கட்டில் பச்சை நிறத்தில் ஒரு பட்டை இருந்தது. கம்பெனியில் கணக்குத் தொடங்குகிற எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிற பட்டை. தூக்கம், நெஞ்சுத்துடிப்பு, ரத்தக் கொதிப்பு எல்லாம் பார்க்குமாம். அடிக்கொரு தரம் தானாக இறுகி ரத்தக் கொதிப்பை அளந்துவிட்டுத் தளரும்.

துண்டை உருவிப் போட்டுவிட்டு எழுந்தார். 

"சுபிதா! இங்க வா."

அவள் வந்தாள்.

"இது ஆரு கை?"

"மிஷின் கைதாங்கய்யா…"

"அறைஞ்சேன்னா பாரு. வெளிய தட்டு விழுந்துச்சு, உள்ள இது துள்ளுச்சு. இந்தக் கண்ணாடிக்குள்ள எனக்கே அரைக்காதுலதான் கேட்டுச்சு. ரப்பருக்கு எந்தக் காதுல கேட்டுச்சு? சொல்லு."

அவள் கதவைச் சாத்தினாள். 

"பட்டை போட்டவங்க மணிக்கட்டு நரம்பை மிஷின் படிக்குதுங்க. ஊற்று பம்ப் வெச்சிருக்கிற சின்ன ஆளுங்க நாப்பதாயிரம் பேர். மொதல்ல இப்படி ஒரு ஷேர் வெச்சிருக்கிற எல்லாத்தையும் கலந்து ஒரு கை செஞ்சோம். அதைத்தான் நீங்க பொணம்னீங்க. உசிரோட ஒண்ணு கொண்டான்னு நீங்கதானே கேட்டீங்க? அதுக்கப்புறம் ஒவ்வொரு ஷேருக்கும் ஒரே ஆளை எடுக்கறோம். அந்த ஆளு பயப்படறப்பத்தான் மத்தவங்களும் பயப்படணும், அந்த மாதிரி ஆளு. மரகதம் அக்கா அப்படியே பொருந்துனாங்க. அவங்க எந்த விலையில விடறாங்களோ, நாப்பதாயிரம் பேரும் ஒரு ரூபா முன்னபின்ன அங்கதான் விடுவாங்க."

"நான் சொன்ன விலையை வெச்சு என்ன பண்ணுவீங்க?"

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள்.

"வாயத் தொற."

"கம்பெனி கையில கொஞ்சம் ஷேர் இருக்குமுங்க. அதை வித்து, நீங்க சொன்ன எடம் வரைக்கும் விலையைத் தள்ளுவாங்க. அங்க வந்ததும் பயந்து எல்லாரும் விடுவாங்க. விடறதை மொத்தமா வாங்கிக்குவாங்க. அப்புறம் தானா ஏறும்."

எட்டு மாதம். எத்தனை ஷேர், எத்தனை கை! ஈரமான கை, காய்ப்புக் காய்த்த கை, விரல் நடுங்குகிற கிழட்டுக் கை. ஒவ்வொன்றையும் பிடித்து, இங்கே அறுக்கலாம் என்று கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்.

நிர்மலின் அறைக்குள் கதவைத் தட்டாமல் போனார். அவன் போனில் பேசிக்கொண்டிருந்தான். போனைப் பிடுங்கி மேஜைமேல் கவிழ்த்தார்.

"துண்டுக்கடியில கை விடறவன் தெரிஞ்சு விடறான்டா! நான் அவனை ஏய்க்க வந்திருக்கேன்னு அவனுக்குத் தெரியும், அவன் என்னை ஏய்க்க வந்திருக்கான்னு எனக்குத் தெரியும். அது பேரம். தூங்கறவ கையை எடுத்துத் துண்டுக்கடியில வெச்சா அதுக்குப் பேரு வேற. அந்த வேலைக்கு ஆளு வேணும்னா பஸ் ஸ்டாண்டுல ஜேப்படிக்காரன் இருப்பான், அவனைக் கூட்டிட்டு வந்திருக்கோணும்."

"பெரியவரே, உக்காருங்க. பட்டை போடறப்ப எல்லாருமே சம்மதம் குடுத்திருக்காங்க. கையெழுத்து இருக்கு."

"அவ படிச்சாளா?"

"யாரு சார் படிக்கறாங்க?" நிர்மல் சிரித்தான். "நான் யாரையும் விக்கச் சொல்லல. பொய்ச் சேதி பரப்பல. மார்க்கெட்டுன்னா ஏறும், எறங்கும். எங்க நிக்கும்னு மட்டும் நீங்க சொல்றீங்க. பிடிக்கலைன்னா போலாம். வேற சந்தையில இருந்து ரெண்டு பேர் டிரெயினிங்ல இருக்காங்க. உங்க அளவுக்கு வராது, ஆனா வந்துரும்."

எச்சில் துப்ப வாயைக் கூட்டியவர் தரையின் பளபளப்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தரை என்ன பாவம் செய்தது?

திரும்பி வரும்போது சுவரில் ஊற்று பம்ப் முன்னூற்று முப்பத்தெட்டு. மரகதம் பேன்ட்ரி வாசலில் செல்போனை வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் வழிந்தது. கட்டைவிரல் விற்கிற பொத்தானுக்கு மேலே நின்றது. இவள் கட்டைவிரல் அமுங்கினால் மாரப்பன் பாயோடு பாயாக முடிந்தான்.

கண்ணாடி அறைக்குள் போய் சுபிதாவிடம் கேட்டார். "இந்தப் பக்கம் அவ கை வருது. அந்தப் பக்கம் என்ற கை போவுமா?"

"ஐயா?"

"பட்டை இறுகுமில்ல? நான் புடிச்சா அது இறுகுமா?"

"இறுகும்" என்றாள். "அந்தப் பக்கம் திறந்துவிட்டா ஒருத்தருக்கு மட்டும் போகாது. நாப்பதாயிரம் பேருக்கும் போகும். என் வேலை போயிரும்."

"போனாப் போவட்டும். மாடு மேய்க்கலாம் வா."

அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரையில் எதையோ நாலு தடவை தட்டினாள். "பிடிங்க" என்றாள்.

சந்தையில் மிரண்ட ஆள் துண்டுக்கடியிலிருந்து கையை உருவப் பார்ப்பான். அப்போது விரலைப் பிடிக்கக் கூடாது. கையை மேலே கொண்டுபோய் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். இறுக்கக் கூடாது, தளரவும் கூடாது. ஒரு பிடி, கொஞ்சம் விட்டு இன்னொரு பிடி, அப்புறம் அப்படியே வைத்திருக்க வேண்டும். இரு, அவசரப்படாதே, நான் இருக்கிறேன் என்று அர்த்தம். நாற்பத்தைந்து வருஷத்தில் அப்படிப் பிடித்து அவர் ஒருத்தனையும் ஏமாற்றியதில்லை.

அப்படிப் பிடித்தார்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் மரகதம் தன் இடது கையைப் பார்த்தாள். செல்போனைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள். பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டு டம்ளர் கழுவப் போனாள்.

முன்னூற்று முப்பத்தைந்து. முன்னூற்று முப்பத்திரண்டு. முன்னூற்று முப்பது. வெளியே முப்பது பேரும் எழுந்து நின்றார்கள். விடவில்லை. ஒருத்தரும் விடவில்லை. முன்னூற்று முப்பதிலேயே அரை மணி நேரம் நின்றது, பிறகு மெதுவாக ஏறியது. மூன்றரைக்கு மார்க்கெட் மூடும்போது முன்னூற்று எழுபது. ராக்கியண்ணனுக்கு முழங்கை வரைக்கும் மரத்துப்போயிருந்தது.

"ஏனுங்கய்யா, ஒரு அதிசயமுங்க" என்று மரகதம் டீ கொண்டுவந்தாள். "விக்கலாம்னு போனேன். ஆரோ கையப் புடிச்ச மாதிரி இருந்துச்சு. எங்கப்பாரு கூட்டத்துல புடிச்சுக் கூட்டிட்டுப் போவாரு, அந்த மாதிரி. மனசு நின்னு போச்சுங்க."

அவர் டம்ளரை வாங்கிக் குடித்தார். டீயில் சர்க்கரை சரியாக இருந்தது.

நிர்மல் வந்தான். காவலாளியோடு வருவான் என்று எதிர்பார்த்தார். கைகூப்பிக்கொண்டு வந்தான்.

"பெரியவரே, எட்டு மாசமா எங்க விடுவாங்கன்னு மட்டும்தான் உங்ககிட்ட கேட்டோம். விடாம வெக்கறதுக்கும் ஒரு பிடி இருக்குன்னு எங்களுக்குத் தோணவே இல்ல. நாலு மணி நேரம் பதிவாயிருக்கு. இனி நீங்க கஷ்டப்பட்டு வர வேண்டாம். மாசாமாசம் சம்பளம் வீட்டுக்கு வந்துரும்."

அந்தப் பேச்சில் என்னமோ நாற்றம் அடித்தது. என்ன என்று அப்போது பிடிபடவில்லை. "உன் சம்பளத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

செவ்வாய்க்கிழமை காலையில் சுபிதா போன் செய்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஐயா, ஊற்று பம்ப்புக்குப் பெரிய அரசாங்க ஆர்டர் வரதா இருந்துச்சு. அது கைவிட்டுப் போச்சு. வெளிய இன்னும் தெரியாது, இவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. நேத்திலிருந்து கம்பெனி தன் கையில இருக்கிறதை எல்லாம் வித்துட்டிருக்கு. விலை எறங்குது. சின்ன ஆளுங்க யாரும் விக்கல, இன்னும் வாங்கறாங்க. உங்க பிடியை ஓட்டிட்டு இருக்காங்கய்யா. வியாழக்கிழமை புடிச்சீங்களே, அது. அக்கா விக்கவே மாட்டேங்கறாங்க. நான் சொன்னா நம்பல. நீங்க வாங்க."

பெருந்துறையில் ஏறின பஸ்ஸில் ஏழெட்டுப் பேர் மணிக்கட்டில் பச்சைப் பட்டை இருந்தது. ஒரு வாத்தியார் மாதிரி ஆள், தறிக்காரர் ஒருத்தர், காலேஜ் பிள்ளைகள். செல்போனில் சிவப்பு எண்ணைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒருத்தர் முகத்திலும் பதற்றம் இல்லை.  பக்கத்தில் இருந்த தறிக்காரரிடம், "அந்தக் கருமத்தைக் கழட்டுங்க, அது உங்களை ஏய்க்குது" என்றார். "சரிங்க பெரியவரே" என்று தறிக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

ஆபீஸ் வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. மேலிடத்து உத்தரவாம். சுபிதா சொல்லி, மரகதம் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்கு இறங்கி வந்தாள். முகம் தெளிந்திருந்தது. நல்லாத் தூங்கி எழுந்த முகம். அவரைப் பார்த்ததும் சிரித்தாள்.

"ஏனுங்கய்யா, சொல்லாமப் போயிட்டீங்க."

"இப்ப என்ன விலை?"

"முன்னூத்திப் பத்துங்க. எறங்குது, ஏறிரும்."

"வித்துரு."

"என்னுங்க?"

"இப்பவே. இங்கயே நின்னு வித்துரு அம்மிணி. முன்னூத்திப் பத்துன்னா கொஞ்சம் கடன் வாங்கியாச்சும் மாரப்பன் ஆபரேஷனை முடிச்சிரலாம். நாளைக்கு நூத்திப் பத்து வந்துரும். கம்பெனிக்காரனே வித்துட்டு ஓடறான்."

"சுபிதாக் கண்ணும் அதையேதான் சொல்லுது." அவள் தலையை ஆட்டினாள். "ரெண்டு மாசமா நான் தூங்கலீங்கய்யா. ஏறுனாலும் பயம், எறங்குனாலும் பயம். போன வியாழக்கிழமைதான் எனக்கு ஒரு தைரியம் வந்துச்சு. அன்னிக்கும் எல்லாரும் வித்துரு வித்துருன்னாங்க. வித்திருந்தா என்ன ஆயிருக்கும்? வெச்சிருந்தேன், ஏறுச்சு. இப்பவும் அதே மாதிரி கையப் புடிச்சிட்டு இருக்குதுங்க. பயப்படாதேங்குது."

"அது ஆரு கைன்னு உனக்குத் தெரியுமா?"

"சாமியோ, எங்கப்பாரோ."

"நானு!" சுற்றி நின்ற டிரைவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "அது என்ற கை. வியாழக்கிழமை அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்து நான் புடிச்சேன். அதைப் புடிச்சு வெச்சிட்டு இந்தத் திருட்டுப் பசங்க இப்ப ஓட்டறாங்க. நான் இங்க உன்ற எதுக்க நிக்கறேன், அங்க எவன் புடிக்கறான்? அது வெறும் ரப்பரு!"

மரகதம் சிரித்தாள். கோபக்காரக் கிழவர் ஏதோ சொல்கிறார் என்கிற சிரிப்பு. "உங்க கை எப்படிங்க இங்க வரும்? விடுங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."

இவளுக்கு வாயால் சொல்லி எப்படிப் புரியவைப்பது? அவருக்கு வாயால் ஒன்றையும் மெய்ப்பித்துப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் கையால் மெய்ப்பித்தே வாழ்ந்த மனுஷன். பட்டை இல்லாத அவளுடைய வலது கையைப் பிடித்து இழுத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டார். விரலைத் தாண்டி மேலே போய் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு பிடி. கொஞ்சம் விட்டு இன்னொரு பிடி. அப்புறம் அப்படியே வைத்துக்கொண்டார்.

மரகதத்தின் சிரிப்பு நின்றது. இடது கையைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் கேட்பது போல நின்றாள். லிஃப்ட் வந்தது, ஆட்கள் இறங்கிப் போனார்கள். அவர் விடவில்லை.

கண்ணைத் திறந்தாள்.

"ஆமாங்கய்யா. ரெண்டும் ஒண்ணு."

"அதைத்தான் சொன்னேன். எடு போனை. வித்துரு."

"ரெண்டும் ஒரே கைங்க." கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "அப்ப இத்தனை நாளா நீங்கதானுங்களா? நான் தினமும் கேட்டேன். தெரியாது தெரியாதுன்னீங்க. தெரியாதுன்னு சொல்லிட்டே புடிச்சிட்டிருந்திருக்கீங்க."

"அம்மிணி, அது இல்ல, நான் என்ன சொல்றேன்னா…"

"எவனோ மிஷினுல ஏய்க்கறான்னு அந்தப் புள்ள சொன்னப்ப எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. இனி பயமில்லீங்க." துண்டுக்கு மேலே தன் மற்றக் கையை வைத்து அவர் கையைப் பொத்தினாள். "நீங்கதான் புடிச்சிருக்கீங்கன்னா நான் எதுக்கு விக்கோணும்?"

ராக்கியண்ணன் கையை உதறி விட்டார்.

பச்சைப் பட்டை விடவில்லை.